பெயரில்லாத கைகள்

1837இல் விக்டோரியா மகாராணி அரியணை ஏறிய காலத்தில், லண்டன் கடைகளில் நாடக நடிகர்களின் அச்சுப்படங்கள் விற்பனையாகிவந்தன. வர்ணமற்ற படத்தின் விலை ஒரு பென்னி. வர்ணம் தீட்டியதற்கு இரண்டு பென்னி. வர்ணமற்றதை வாங்கியவர்கள் வீட்டிலிருந்து தாமே வர்ணம் தீட்டினார்கள். அங்கிக்குப் பட்டும் வெல்வெட்டும் ஒட்டினார்கள். வாளுக்கும் கவசத்துக்கும், கடையில் வெட்டி விற்கப்பட்ட மினுங்கும் உலோகத் தகடுகளைப் பதித்தார்கள்.

இதே பதிப்பாளர்கள் பொம்மை அரங்கத் தாள்களையும் வெளியிட்டார்கள். சிறுவயதில் அவற்றிலே மனம் பறிகொடுத்த ரொபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன், அந்த ஒரு பென்னி, இரண்டு பென்னி விலைகளையே தலைப்பாக்கி 1884இல் கட்டுரை எழுதினார். அதற்குள் அந்த வழக்கம் அருகிப்போயிருந்தது.

இன்று இப்படங்களைச் சேகரிப்போர், உதிர்ந்த தகட்டுக்குப் பதிலாகப் புதியதை ஒட்டிவிடும்போது என் மனம் பதறுகிறது. ஒரே அச்சிலிருந்து எத்தனையோ பிரதிகள் பிறந்தன. ஒன்றை மற்றதிலிருந்து வேறாக்கியது, அலங்கரித்த கைதான். படத்தின் அடியில் நடிகரின் பெயருண்டு. பதிப்பாளரின் முகவரியும் உண்டு. அலங்கரித்தவரின் பெயர் பெரும்பாலும் இல்லை. கோணலாக வெட்டிய அந்தப் பட்டுத்துண்டைத் தவிர, அவரைப் பற்றி வரலாறு வேறெதையும் வைத்திருக்கவில்லை. அதையும் நாம் திருத்திவிடலாமா?