ஒன்பது மணி நேரத்தை அளந்தவர் யார்?

பதுளைச் சீமையின் தேயிலைத் தோட்டங்களில் விடியலை அறிவித்தது தப்பொலி. அது முழங்கியதும் லயங்களிலிருந்து தொழிலாளர் பெரட்டுக்களத்துக்கு விரைந்தனர். கடிகாரமோ துரையின் பக்கம் இருந்தது. 1927ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியத் தோட்டத் தொழிலாளரின் வேலைநாளை, உணவு வேளை உட்பட, ஒன்பது மணி நேரமென வரையறுத்தது. யாருடைய கடிகாரப்படி ஒன்பது?

கடிகாரத்தைச் சரிபார்க்கும் வழி அதற்கு முன்பே உலகில் பிறந்திருந்தது. 1910இல் பாரிஸின் ஐஃபல் கோபுரம் நேரக்குறிகளை வானலையில் அனுப்பத் தொடங்கிற்று. கடிகாரத் தொழிலாளர் அவற்றைக் கையாற் செய்த கருவியிலேயே கேட்டனர். அட்டைக் குழலில் சுற்றிய செப்புக்கம்பி, கலீனா என்னும் ஈயத்தாதுத் துண்டு, அதைத் தொட்டுநிற்கும் நுண்ணிய கம்பிமுனை, காதில் மாட்டும் கேட்பொறி, உயரக் கட்டிய நெடுங்கம்பி, மண்ணிற் புதைத்த மற்றொன்று, அவ்வளவே. மின்கலமே வேண்டாம், வந்துசேரும் அலையின் ஆற்றலே ஒலியாகிவிடும். ஏழைக்கென்றே அமைந்த கருவி என்று தோன்றுகிறதல்லவா?

பதுளைக்கு ரயில் எட்டிய 1924இல் லண்டன் வானொலி கிரீன்விச் நேரத்தின் ஆறு துடிப்புகளை ஒலிக்கலாயிற்று. மறு ஆண்டு, தந்தித் துறைப் பொறியாளர் எட்வர்ட் ஹார்ப்பரின் முயற்சியால் கொழும்பிலும் வானொலி எழுந்தது. ஆயினும் கொழும்புக்கும் ஊவாவுக்கும் இடையே மத்திய மலைத்தொடர் நிற்கிறது. அத்தனை தொலைவைக் கடந்து நலிந்துவரும் அலை கலீனாக் கருவிக்குப் போதாது. வால்வுக் கருவி வேண்டும். அதற்கு மின்கலம் வேண்டும். மின்கலத்துக்குப் பணம் வேண்டும். லயத்துக் கூலியில் அது ஏது? டிரான்சிஸ்டர் பெட்டி மலிந்து லயத்துக்கு வந்த பிறகே, கொழுந்து பறிப்பவள் துரையைக் கேளாமல் மணி அறிந்தாள்.