வீட்டில் படம் பார்க்க எந்த ஒலி: ஸ்டீரியோவா, சரவுண்டா?

கண்டி–குருநாகல் வீதியிலுள்ள கலகெதரவில் இருந்தாலும் சரி, கிளிநொச்சியில் இருந்தாலும் சரி, புதுத் தொலைக்காட்சி வாங்கும் குடும்பம் அடுத்ததாகக் கேட்பது ஒலியைப் பற்றித்தான். இரண்டு ஒலிபெருக்கி போதுமா, ஆறு வேண்டுமா? பெட்டியில் அச்சிட்ட வாட் கணக்கை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. என்ன பார்க்கிறோம், எந்த அறையில் பார்க்கிறோம், யாரோடு பார்க்கிறோம் என்ற மூன்றையும் பார்க்க வேண்டும்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு

ஸ்டீரியோ என்பது இடம், வலம் என இரண்டு ஒலித்தடங்கள். பிரித்தானியப் பொறியியலாளர் அலன் புளூம்லைன் 1931இல் இதற்குக் காப்புரிமை கோரினார். இரு பக்கமும் ஒரே குரல் ஒரே அளவில் வந்தால், அது திரையின் நடுவிலிருந்து வருவதாக நம் மூளை எடுத்துக்கொள்ளும். ஆனால் நடுவில் அமர்ந்தவருக்கே இது சரியாகக் கிடைக்கும். ஓரத்தில் இருப்பவருக்குக் குரல் அருகிலுள்ள ஒலிபெருக்கிப் பக்கம் ஒதுங்கிவிடும்.

5.1 சரவுண்டில் முன்னால் மூன்று, பக்கவாட்டில் சற்றுப் பின்னால் இரண்டு, அடித்தொனிக்கு ஒரு சப்வூஃபர் என ஆறு இருக்கும். வசனம் பெரும்பாலும் முன்நடு ஒலிபெருக்கியில் வருவதால் எங்கே அமர்ந்தாலும் பேச்சு திரையிலிருந்தே கேட்கும். டொல்பி டிஜிட்டல் முறையில் இது 1992இல் ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ படத்தோடு திரையரங்குக்கு வந்தது. தமிழில் 1995இல் வெளியான ‘குருதிப்புனல்’ டொல்பி ஒலியைப் பயன்படுத்திய முன்னோடிப் படம்.

படமும் அறையும்

எம்.ஜி.ஆர்., சிவாஜி காலப் படங்கள் பெரும்பாலும் ஒற்றைத் தட ஒலியில் பதிவானவை. செய்தியும் நாடகமும் பொதுவாக ஸ்டீரியோவில் வருகின்றன. இவற்றையே அதிகம் பார்க்கும் வீட்டில் பின்பக்க ஒலிபெருக்கிகளுக்குப் பெரிய வேலை இல்லை.

தோட்ட லயன் அறைபோல் சுவரைப் பங்கிடும் வீடுகளில் சப்வூஃபரின் அடித்தொனி பக்கத்து வீட்டுக்கும் போகும். பின்சுவரோடு கதிரையை ஒட்டிப் போடும் அறையில் பின் ஒலிபெருக்கிக்கு இடமே இராது. அங்கே ஸ்டீரியோதான் பொருத்தம். இரு ஒலிபெருக்கிகளுக்கும் இடையிலுள்ள தூரமும், அவற்றிலிருந்து கதிரைக்குள்ள தூரமும் சமமாக இருக்கட்டும். அவை காது உயரத்தில் இருப்பது நல்லது.

போரைக் கண்ட வீடுகளில்

1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன பல குடும்பங்கள் 2009 மே வரை ஷெல்லுக்குள் வாழ்ந்தன. அப்படி வாழ்ந்த ஒருவருக்கு முதுகுக்குப் பின்னால் திடீரென வரும் வெடிச்சத்தமோ, தலைக்கு மேலே கடக்கும் விமான இரைச்சலோ படத்தின் சத்தமாக மட்டும் இராது. “இது படம்தான்” என்று மனம் சொல்வதற்கு முன் உடல் பதறிவிடும். அது கோழைத்தனம் அல்ல. உயிரைக் காத்துக்கொள்ள உடல் பழகிய பழக்கம்.

சரவுண்ட் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் சில மாற்றங்கள் உதவும்:

- பின் ஒலிபெருக்கிகளினதும் சப்வூஃபரினதும் அளவைத் தனியாகக் குறையுங்கள், அல்லது நிறுத்திவிடுங்கள்.
- ‘நைட் மோட்’ வசதியைப் போடுங்கள். அது உரத்த சத்தத்தை அடக்கி, மெல்லிய பேச்சை உயர்த்தும்.
- ரிமோட்டை அவரிடமே கொடுங்கள். சுவரில் முதுகு சாய்த்து, வாசல் தெரிய அமர விரும்பினால் அந்த இடத்தை விட்டுக்கொடுங்கள்.
- சண்டைக் காட்சி வருமென்று தெரிந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

பதற்றமும் தூக்கமின்மையும் தொடர்ந்தால் அரச மருத்துவமனையின் மனநலப் பிரிவை நாடலாம். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

வெடிப்பினால் செவி பாதிக்கப்பட்டோர் பலருக்குச் சத்தம் கேட்கும், சொல் பிரியாது. சத்தத்தைக் கூட்டினால் வெடியும் இசையும் சேர்ந்தே கூடும். இவர்களுக்கு வேண்டியது முன்நடு ஒலிபெருக்கி. அதன் அளவை மட்டும் உயர்த்தினால் வசனம் தெளியும். முன்நடுத் தடம் கொண்ட 3.1 சவுண்ட்பார் ஒன்றே இதற்குப் போதும்.

வாங்கு முன்

சிறிய அறை, பழைய படங்கள் என்றால் நல்ல இரண்டு ஒலிபெருக்கிகள். வசனம் புரியாதவர் இருந்தால் 3.1. தனி அறையும், புதுப் படங்களில் விருப்பமும், வீட்டார் எல்லோரின் சம்மதமும் இருந்தால் 5.1.

இரண்டு ஒலிபெருக்கியே இருந்தால் தொலைக்காட்சியின் ஒலி அமைப்பை ‘ஸ்டீரியோ’ அல்லது ‘பி.சி.எம்.’ என மாற்றுங்கள். 5.1 என்று விட்டால் சில கருவிகளில் வசனம் மங்கிப் போகும். மார்ச்–ஏப்ரல், ஒக்டோபர்–நவம்பர் மாதங்களில் இடி மின்னல் அதிகம். வானம் இருட்டும்போதே மின்செருகியையும் அன்டெனா வயரையும் கழற்றிவிடுங்கள்.

கடையில் ஒலியைச் சோதிக்கும்போது சண்டைக் காட்சியைப் போடச் சொல்லாதீர்கள். இருவர் மெதுவாகப் பேசும் காட்சியைப் போடச் சொல்லுங்கள். வீட்டில் சத்தத்துக்கு அதிகம் அஞ்சுபவரையும் கூட அழைத்துச் செல்லுங்கள். அவருக்கு ஒத்துவருவதையே வாங்குங்கள்.