பிடங்கில் பதிந்த கோடுகள்

துவக்கைப் பற்றி எழுதுவது எமது பிரதேசத்தில் இலேசான காரியமல்ல. 1990 ஆம் ஆண்டை வாழ்ந்து கடந்தவர்களுக்கு அந்தச் சொல்லே போதும். காத்தான்குடிப் பள்ளிவாசல்களும் ஏறாவூரும் கண்முன் வந்துவிடும். ஆயினும் அதற்கு முந்திய ஒரு வரலாறும் துவக்குக்கு உண்டு. குழலைப் பற்றியும் அதைச் சுட்ட படைகளைப் பற்றியும் நூல்கள் நிறையப் பேசியிருக்கின்றன. மரப்பிடங்கைப் பற்றியும் அதில் வேலை செய்த கைகளைப் பற்றியும் பேசியோர் குறைவு.

முதலில் சொல்லைப் பார்ப்போம். போர்த்துக்கேயர் 1505 இல் இலங்கைக் கரைக்கு வந்தனர். சாவி, ஜன்னல், அலமாரி, மேசை எனப் பல சொற்களைத் தமிழுக்குத் தந்தனர். ஆனால் அவர்களது மொழியில் துவக்குக்குப் பெயர் 'எஸ்பிங்கார்டா'. நாம் அதை எடுத்துக்கொள்ளவில்லை. தமிழின் துப்பாக்கி, துவக்கு, சிங்களத்தின் 'துவக்குவ' ஆகியவை துருக்கியின் 'துஃபெக்', பாரசீகத்தின் 'துஃபங்' ஆகியவற்றின் உறவுச் சொற்கள். 1526 இல் பானிபட்டில் பாபரின் படைக்கு உஸ்தாத் அலி குலி துவக்குப் படை நடத்திய காலமது. அதே நூற்றாண்டில், 1530 களில், சீதாவாக்கை மன்னன் மாயாதுன்னைக்கு உதவியாகக் கள்ளிக்கோட்டைச் சாமூதிரியின் கப்பல்கள் மரைக்கார் தளபதிகளுடன் இங்கு வந்தன. 1538 இல் வேதாளையில் அக்கடற்படை போர்த்துக்கேயரிடம் தோற்றது. ஒரு சொல்லை வைத்து வரலாற்றைத் தீர்மானித்துவிட முடியாதுதான். எனினும் துவக்கு பற்றிய அறிவு ஒரே கப்பலில் வந்திறங்கவில்லை என்பதை அது உணர்த்துகிறது.

வந்த ஆயுதத்தை இந்நாட்டுக் கைவினைஞர் தமதாக்கிக் கொண்டனர். சிங்களத் துவக்குகளை நூதனசாலையில் பார்ப்பவர் இரண்டு அடையாளங்களை உடனே காணலாம். பல துவக்குகளில் விசைப்பொறி இடது பக்கம் அமைந்திருக்கும். பிடங்கின் நுனி இரண்டாகப் பிரிந்து சுருண்டிருக்கும். மரத்தில் 'லியவெல' எனும் கொடிச் சித்திரம் ஓடும், தந்தமும் பதிக்கப்பட்டிருக்கும். 1765 இல் ஒல்லாந்தர் கண்டியிலிருந்து கொள்ளையிட்டுச் சென்ற பொருட்களில் ஆறினை நெதர்லாந்து 2023 டிசம்பரில் கொழும்பு தேசிய நூதனசாலைக்குத் திருப்பித் தந்தது. லெவ்கே திசாவையின் பீரங்கியோடு 'மஹ துவக்கு' எனும் பெருந்துவக்குகள் இரண்டும் அவற்றில் உண்டு.

அரண்மனைத் துவக்கின் சித்திரம் பார்ப்பவரின் கண்ணுக்கானது. பிடிப்பவரின் கைக்கென வேறொரு வேலைப்பாடு இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேய வேட்டைத் துவக்குகளில் அது பரவியது. கை பிடிக்கும் இடங்களில் குறுக்கு நெடுக்காகக் கோடுகளை வெட்டி, சிறு சிறு சாய்சதுரங்களாக்குவர். பனியிலும் வியர்வையிலும் நனைந்த கை வழுக்காதிருக்கவே இந்த ஏற்பாடு. எமது பெண்கள் பன்பாயில் இழைக்கும் சாய்சதுரங்களைச் சிறிதாக்கி மரத்தில் வெட்டினாற்போல் இருக்கும்.

அதன் செய்முறை பொறுமையைக் கேட்பது. வால்நட் மரப்பிடங்கில் முதலில் ஒன்றையொன்று வெட்டும் இரண்டு மூலக்கோடுகளை இடுவர். பின்னர் இரட்டைப் பல்வரிசை கொண்ட சிறு அரம் போன்ற உளியை எடுப்பர். அதன் ஒரு வரிசை வெட்டிய கோட்டில் ஓடும். மற்றையது அடுத்த கோட்டைக் கீறும். நல்ல வேலையில் ஓர் அங்குலத்துக்கு 20 முதல் 24 கோடுகள் வரும். சாய்சதுரத்தின் நீளம் அகலத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. மூலக்கோடு சற்றுச் சரிந்தால் கடைசிக் கோடு வரை எல்லாமே சரியும்.

அத்தகைய துவக்குகள் எமது கரையோரக் கிராமங்களுக்கும் வந்தன. 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப் பத்திரம் பெற்று, வயற்காவலுக்கென விவசாயிகள் வைத்திருந்தனர். பன்றியும் யானையும் வட்டைக்குள் இறங்கும் காலங்களில் பரணில் அது கிடந்தது. சிறுவயதில் ஒரு போடியார் வீட்டில் அவ்வாறான இரட்டைக்குழல் துவக்கொன்றைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். பிடியின் ஒரு பக்கம் கோடுகள் கூர்மையாக இருந்தன. உள்ளங்கை படும் பக்கம் தேய்ந்து கண்ணாடிபோல் வழவழத்தது. வெடித்த பிடங்கை எங்களூர் ஓடாவியார் ஒருவர் ஆணியும் தகடும் வைத்து இறுக்கியிருந்தார். ஆங்கிலேயக் கோடுகள், போடியாரின் கைத்தேய்மானம், ஓடாவியாரின் தகடு என மூன்று கைகளின் வரலாறு அந்த ஒரே மரத்தில் இருந்தது. யுத்தம் மூண்ட காலத்தில் அது அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. இன்று அவ்வீட்டில் எஞ்சியிருப்பது மஞ்சளேறிய அனுமதிப் பத்திரம் மட்டுமே.

பழைய துவக்கைச் செப்பனிடுவோரிடம் ஒரு முறை உண்டு. தேய்ந்த பகுதியை உரசிச் சமமாக்கிப் புதுக்கோடு போடுவது எளிது. ஆனால் பழைய வேலை அத்தோடு அழிந்துவிடும். தடித்த வார்னிஷ் பூசினால் பள்ளங்கள் அடைபட்டுவிடும். தேர்ந்தவர் முதலில் அழுக்கை நீக்குவார். வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்து, மங்கிய கோட்டைக் கண்டுபிடிப்பார். அந்தப் பள்ளத்திலேயே கூருளியை மெல்ல ஓட்டுவார். இறுதியில் ஆளிவிதை எண்ணெய் சிறிது தடவுவார்.

எமது வரலாற்றை எழுதுவதற்கும் இதுவே முறை என நினைக்கிறேன். 1626 இல் போர்த்துக்கேயரால் விரட்டப்பட்ட முஸ்லிம்களில் சுமார் 4000 பேரைச் செனரத் மன்னன் மட்டக்களப்பில் குடியேற்றினான் என்ற செய்தியைக் குவைரோஸ் பாதிரியார் தருகிறார். அந்த ஒற்றை வரியோடு சிலர் எங்களை அகதிகளாகத் தொடங்கிவைக்கின்றனர். வேறு சிலர் அதன்மேல் பெருமையைத் தடித்த வார்னிஷாகப் பூசுகின்றனர். இரண்டிலும் உழுதவன், காவல் கிடந்தவன், மரம் செதுக்கியவன் ஆகியோரின் கோடுகள் மறைந்து போகின்றன.

கல்முனை முதல் பொத்துவில் வரை எத்தனையோ வீட்டுப் பெட்டகங்களில் பழைய அனுமதிப் பத்திரங்களும் வயற்கணக்குகளும் கிடக்கின்றன. ஓடாவிமாரின் உளிகள் துருவேறுகின்றன. பிடங்கு, பரண், வட்டை போன்ற சொற்கள் என் மாணவர்களுக்கு விளக்கம் வேண்டிய சொற்களாகிவிட்டன. பத்திரத்தைப் பிரதியெடுப்பதும், ஓடாவியாரிடம் கேட்டுக் குறித்துவைப்பதும், சொல்லை வகுப்பில் சொல்லிக்கொடுப்பதும் எம்மால் இயலாதவை அல்ல. கோடு முழுதாய்த் தேயுமுன் அதைச் செய்தாக வேண்டும்.