இணையவழி போர்ட் சோதனை

ஒரு கணினியின் குறிப்பிட்ட போர்ட் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று வலைப்பக்கத்தின் நிரல் ஒன்றைக் கொண்டு பார்ப்பதே இணையவழி போர்ட் சோதனை. இணையத்தில் ஒரு கணினியைக் கண்டுபிடிக்க ஐபி முகவரி போதும். அந்தக் கணினிக்குள் ஓடும் சேவைகளைப் பிரித்தறிய 0 முதல் 65,535 வரையிலான போர்ட் எண்கள் வேண்டும். வலைத்தளங்களுக்கு 80, 443. மின்னஞ்சல் சர்வர்களுக்கு 25. தொலைவிலிருந்து லினக்ஸ் சர்வரை இயக்கும் எஸ்எஸ்எச்சுக்கு 22. விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்புக்கு 3389. கடைகளில் சிசிடிவி படத்தைச் சேமிக்கும் டிவிஆர் பெட்டிகள் பலவற்றுக்கு 37777. இந்தச் சோதனையின் வரலாறு பெரும்பாலும் கேள்வி எங்கிருந்து கேட்கப்பட்டது என்பதன் வரலாறு. முதலில் நிபுணரின் கணினியிலிருந்து, பிறகு வெளியூர் சர்வரிலிருந்து, கடைசியில் பயனரின் சொந்த பிரவுசரிலிருந்து.

கேள்வியின் வடிவம் மட்டும் மாறவே இல்லை. டிசிபி நெறிமுறையில், இணைப்புக் கோரும் கணினி 'சின்' என்னும் சிறு பொட்டலத்தை அனுப்பும். அந்த எண்ணில் ஏதாவது நிரல் காத்திருந்தால் 'சின்-ஆக்' திரும்பி வரும், போர்ட் திறந்திருக்கிறது. யாரும் காத்திருக்கவில்லை என்றால் 'ஆர்எஸ்டி' என்ற மறுப்பு உடனே வரும், மூடியிருக்கிறது. நடுவில் ஃபயர்வால் பொட்டலத்தை விழுங்கிவிட்டால் ஒன்றுமே வராது. கதவைத் தட்டினால் "உள்ளே வாங்க" என்பதும், "அப்படி யாரும் இங்கே இல்லை" என்பதும், ஆள் இருக்கிறாரா என்றே தெரியாத அமைதியும் வேறு வேறல்லவா? இந்த மூன்றாவது பதிலைத்தான் அரைகுறையாக எழுதப்பட்ட நிரல்கள் 'மூடியது' என்று தவறாகச் சொல்லிவிடும்.

சேவைகளுக்கு நிலையான எண்கள் வேண்டும் என்று 1972இல் முன்மொழிந்தவர் அமெரிக்கரான ஜான் போஸ்டல். 1998இல் இறக்கும்வரை அந்த எண் பட்டியலைக் காத்தவரும் அவரே. டிசிபியின் விதிகள் 1981 செப்டம்பரில் ஆர்எஃப்சி 793 என்ற ஆவணமாக வெளிவந்தன. ஊர் பேர் தெரியாதவர் வந்து எல்லா எண்களையும் வரிசையாகத் தட்டிப் பார்ப்பார் என்ற கவலை அன்றைய ஆராய்ச்சி வலையமைப்புக்கு இல்லை.

1990களில் அந்தக் கவலை வந்தது. டான் ஃபார்மரும் வீட்ஸ வெனமாவும் 1995 ஏப்ரலில் 'சாத்தான்' என்ற சோதனைக் கருவியை இலவசமாக வெளியிட்டபோது, திருடர்களுக்குச் சாவி செய்து கொடுக்கிறார்கள் என்று கண்டனம் எழுந்தது. 1997 செப்டம்பர் 1 அன்று 'ஃபிராக்' மின்னிதழின் 51ஆம் இதழில், ஃபியோடர் என்ற புனைபெயரில் கோர்டன் லயன் ஒரு கட்டுரையையும் அதனுடன் நிரலையும் வெளியிட்டார். அதுதான் என்மேப். இன்றும் போர்ட் சோதனை என்றால் முதலில் நினைவுக்கு வருவது அதுவே. 2003இல் வந்த 'மேட்ரிக்ஸ் ரீலோடட்' படத்தில் டிரினிட்டி மின்நிலையக் கணினிக்குள் புகும் முன் என்மேப்பை ஓட்டி 22ஆம் போர்ட் திறந்திருப்பதைப் பார்க்கிறாள். கணினிக் காட்சி என்ற பெயரில் திரையில் பச்சை எழுத்து மழை பொழிந்த காலத்தில், உண்மையான கருவியை உண்மையான வேலைக்குக் காட்டிய அரிய காட்சி அது.

இந்தக் கருவிகளை ஓட்டக் கட்டளை வரி தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாதவருக்கு வழி திறந்தது வலைப்பக்கம். 1999இல் ஸ்டீவ் கிப்சன் தொடங்கிய 'ஷீல்ட்ஸ்அப்' பக்கத்துக்குப் போய் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், அவருடைய சர்வர் நம் கணினியை வெளியிலிருந்து தட்டிப் பார்த்து முடிவைச் சொல்லும். நம் வீட்டு இணைப்பு வெளியாருக்கு எப்படித் தெரிகிறது என்பதை வீட்டுக்குள் இருந்துகொண்டு சோதிக்க முடியாது என்பதால், இந்தச் சேவைக்குத் தனி மதிப்பு இருந்தது.

பிஎச்பி மொழி பரவியதும் இதே வேலையைச் செய்யும் பக்கத்தை யாரும் ஒரு மாலைப்பொழுதில் எழுதிவிட முடிந்தது. 'எஃப்சாக்ஓப்பன்' என்ற ஃபங்ஷனுக்கு முகவரி, போர்ட் எண், எத்தனை வினாடி காத்திருக்க வேண்டும் என்ற மூன்றையும் கொடுத்தால் இணைப்பு கிடைத்ததா இல்லையா என்று சொல்லிவிடும். கிடைக்காவிட்டால் ஒரு பிழை எண் வரும். லினக்ஸ் சர்வரில் 111 என்றால் மறுக்கப்பட்டது, 110 என்றால் காத்திருந்தும் பதில் இல்லை. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும் பக்கமே நம்பத்தக்கது. காத்திருப்பு நேரத்தைக் குறிப்பிடாமல் விட்டால் பிஎச்பி வழக்கமாக 60 வினாடி காத்திருக்கும். பத்து போர்ட்டுகளை ஃபயர்வால் விழுங்கினால் பயனர் பத்து நிமிடம் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அதற்கு அஞ்சி ஒரு வினாடிக்கும் குறைவாக வைப்பதும் தவறு. முதல் 'சின்' வழியில் தொலைந்தால் லினக்ஸ் ஒரு வினாடி கழித்துத்தான் அதை மீண்டும் அனுப்பும். அதுவும் தொலைந்தால் மேலும் காத்திருக்க வேண்டும். கல்வராயன் மலையில் வெள்ளிமலையைத் தாண்டி, சிக்னல் விட்டு விட்டு வரும் ஊர்களில் இருக்கும் கருவி ஒன்றைச் சென்னை சர்வரிலிருந்து அவசரமாகத் தட்டிப் பார்க்கும் நிரல், திறந்திருக்கும் போர்ட்டையும் மூடியது என்று அறிவித்துவிடும். சமவெளி ஃபைபருக்கு இரண்டு வினாடி தாராளம். மலைக்கு ஐந்து வினாடியாவது கொடுக்க வேண்டும்.

விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமான கள்ளக்குறிச்சி போன்ற ஊர்களில் இந்தச் சோதனையைத் தேடி வருபவர் பெரும்பாலும் கடைக்காரரோ அவருக்கு சிசிடிவி மாட்டிக் கொடுத்தவரோதான். கடையின் படத்தை வெளியூரில் இருந்தபடி போனில் பார்க்க, வெளியிலிருந்து வரும் இணைப்பை டிவிஆருக்குத் திருப்பிவிடும் 'போர்ட் ஃபார்வேர்டிங்'கை ரூட்டரில் போட்டிருப்பார்கள். எல்லாம் சரியாக இருந்தும் சோதனைப் பக்கம் 'மூடியது' என்றே சொல்லும். பல நேரம் காரணம் ரூட்டரில் இல்லை. ஐபிவி4 முகவரிகள் தீர்ந்துபோனதால் இணைய நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருகின்றன. சிஜிநாட் எனப்படும் இந்த ஏற்பாட்டுக்கென்றே 2012இல் தனி முகவரித் தொகுதி ஒதுக்கப்பட்டது. ரூட்டர் பக்கத்தில் தெரியும் 'வான்' (WAN) முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், வெளியிலிருந்து வரும் தட்டல் அந்த வீட்டு ரூட்டரை எட்டுவதே இல்லை. நிறுவனத்தின் கருவியோடு நின்றுவிடும். இதைச் சொல்லாமல் வெறுமனே 'மூடியது' என்று காட்டும் பக்கங்கள் எத்தனையோ பேரின் ஞாயிற்றுக்கிழமையை வீணடித்திருக்கின்றன. ஐபிவி6இல் ஒவ்வொரு கருவிக்கும் பொது முகவரி கிடைக்கிறது. பழைய நிரல்கள் ஐபிவி4ஐ மட்டுமே தட்டிப் பார்ப்பதால், அவை 'மூடியது' என்று சொன்னதை வைத்து நிம்மதி அடையவும் முடியாது.

சோதனைப் பக்கத்தை நடத்துபவருக்கே அந்தப் பக்கம் ஆபத்தாகலாம் என்பதை விளக்கியவர்களில் முக்கியமானவர் பெங்களூரைச் சேர்ந்த பாதுகாப்பு ஆய்வாளர் ரியாஸ் வாலிகர். பயனர் தரும் முகவரியை ஒரு வலைச் சர்வர் கேள்வி கேட்காமல் போய்த் தட்டினால், அந்த முகவரியாக சர்வரின் சொந்த உள்வலையையே கொடுத்துவிடலாம் என்று 2012இல் எழுதிய கட்டுரைத் தொடரில் அவர் காட்டினார். ஃபயர்வாலுக்கு வெளியே நிற்பவர் உள்ளே இருக்கும் சர்வரைக் கொண்டே பக்கத்துச் சர்வர்களை எண்ணிவிடுகிறார். பிழைச் செய்தியில் உள்ள வேறுபாடும், பதில் வர ஆகும் நேரமும் எந்த போர்ட் திறந்தது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். இதற்கு அவர் 'கிராஸ் சைட் போர்ட் அட்டாக்' என்று பெயரிட்டார். எஸ்எஸ்ஆர்எஃப் என்று பரவலாக அறியப்படும் பெருங்குறையின் ஒரு முகம் இது. அதே குறையால் 2019இல் அமெரிக்காவின் கேபிடல் ஒன் வங்கியில் 10 கோடிக்கும் அதிகமானோரின் விவரங்கள் கசிந்தன. 2021இல் ஓவாஸ்ப் அமைப்பின் முதல் பத்து அபாயங்களின் பட்டியலிலும் அது இடம்பிடித்தது. போர்ட் சோதனைப் பக்கம் எழுதுபவர், வந்தவரின் சொந்த முகவரியை மட்டுமே சோதிக்க அனுமதிப்பதுதான் முறை.

இதற்கிடையே கேள்வி கேட்கும் இடம் மறுபடியும் மாறியிருந்தது. வலைப்பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் ஓடுவது சர்வரில் அல்ல, வாசகரின் பிரவுசரில். அங்கிருந்தே அவருடைய வீட்டு வலையமைப்பை நோட்டம் விட முடியும் என்று 2006இல் பிளாக் ஹேட் மாநாட்டில் ஜெரமையா கிராஸ்மன் செய்து காட்டினார். 2010இல் இந்திய ஆய்வாளர் லவகுமார் குப்பன் வெளியிட்ட 'ஜேஎஸ்-ரிகான்' அந்த வழியை மேலும் கூர்மையாக்கியது. அப்போது புதிதாக வந்திருந்த வெப்சாக்கெட் வசதியைப் பயன்படுத்தி, இணைப்பு எவ்வளவு நேரம் 'முயல்கிறது' நிலையில் நிற்கிறது என்பதை மட்டும் அந்தக் கருவி அளந்தது. விண்டோஸ் கணினியில் 100 மில்லிவினாடிக்குள் நிலை மாறினால் போர்ட் திறந்திருக்கிறது. ஏறத்தாழ 1,000 மில்லிவினாடி ஆனால் மூடியிருக்கிறது. மறுப்பு வந்த பிறகும் விண்டோஸ் மீண்டும் முயன்று பார்ப்பதால் வரும் தாமதம் அது. 30 வினாடிக்கு மேல் போனால் ஃபயர்வால் விழுங்கிவிட்டது. வந்த பதிலில் ஓர் எழுத்தைக்கூடப் படிக்காமல், கடிகாரத்தை மட்டும் பார்த்துப் பெற்ற விடை இது.

பத்தாண்டு கழித்து இந்த நுட்பம் வணிகத்துக்கு வந்தது. விண்டோஸ் கணினியில் ஈபே தளத்தைத் திறப்பவர்களின் 14 போர்ட்டுகளை அந்தத் தளத்தின் நிரல் அவர்கள் பிரவுசரிலிருந்தே தட்டிப் பார்ப்பது 2020 மே மாதத்தில் வெளியே தெரிந்தது. பட்டியலில் ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389உம், எனிடெஸ்க்கின் 7070உம் இருந்தன. வேறொருவர் தொலைவிலிருந்து இயக்கும் கணினியா என்று கண்டறிந்து மோசடியைத் தடுப்பது நோக்கம். எனிடெஸ்க் செயலி வழியாக நடக்கும் மோசடி குறித்து 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி எச்சரித்திருந்ததை நினைத்தால் அந்த நோக்கம் புரியும். ஆனால் சொல்லாமல் செய்ததை நியாயப்படுத்த முடியாது.

2025 ஜூனில் வெளியானது இன்னும் மோசம். ஆண்ட்ராய்டு போனில் மெட்டா நிறுவனத்தின் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் செயலிகள் போனுக்குள்ளேயே சில போர்ட்டுகளில் காத்திருந்தன. மெட்டாவின் நிரல் பதிந்த வலைத்தளங்களை அதே போனில் திறந்தபோது, பிரவுசர் அந்த போர்ட்டுகளுக்கு அடையாளத் தகவலை ரகசியமாக அனுப்பியது. யாண்டெக்ஸ் நிறுவனம் 2017 முதலே இப்படிச் செய்துவந்ததையும் ஐரோப்பிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். செய்தி வெளிவந்ததும் மெட்டா நிறுத்திக்கொண்டது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த குரோம் 142ஆம் பதிப்பு, ஒரு வலைத்தளம் நம் கணினியையோ வீட்டு வலையமைப்பையோ தொட முயன்றால் நம்மிடம் அனுமதி கேட்கத் தொடங்கியது.

திறந்து கிடக்கும் போர்ட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2016இன் மிராய் நச்சுநிரல் பாடம். 23ஆம் போர்ட்டைத் தேடித் தட்டி, தயாரிப்பாளர்களே வைத்து அனுப்பும் கடவுச்சொற்களில் அறுபதுக்கு மேல் வைத்துக்கொண்டு முயன்று, கேமராக்களையும் டிவிஆர்களையும் அது படையாகத் திரட்டியது. 2017 ஜூலையில் இந்தியாவிலேயே இதுபோன்றதொரு தாக்குதலில் பிஎஸ்என்எல் மோடம்கள் ஆயிரக்கணக்கில் முடங்கின. மாற்றப்படாத 'அட்மின்' கடவுச்சொல்லே வழிவிட்டது.

இந்தியச் சட்டத்தில் போர்ட் சோதனை என்ற பெயரில் தனிக் குற்றம் இல்லை. ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஆம் பிரிவு உரிமையாளரின் அனுமதியின்றிக் கணினியை அணுகுவதைத் தடுக்கிறது. அதை மோசடி நோக்கத்தோடு செய்தால் 66ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம். 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் அமைப்பு பிறப்பித்த உத்தரவில், ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டிய சம்பவங்களின் பட்டியலில் முதலில் இருப்பதே முக்கிய வலையமைப்புகளைக் குறிவைத்துத் துழாவுவதுதான். ஆகவே கள்ளக்குறிச்சி மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தையோ, படிக்கும் கல்லூரியின் சர்வரையோ ஆர்வக்கோளாறில் தட்டிப் பார்க்க வேண்டாம். சொந்த ரூட்டரைச் சோதியுங்கள். தேவையில்லாத ஃபார்வேர்டிங்கை நீக்குங்கள். டிவிஆரின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். பழகிப் பார்க்க விரும்பும் மாணவர்களுக்காக என்மேப் திட்டமே 'ஸ்கேன்மீ டாட் என்மேப் டாட் ஆர்க்' என்ற சர்வரை அனுமதியோடு திறந்து வைத்திருக்கிறது. ஒரு நாளில் சில முறை சோதிக்கலாம், நூறு முறை வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள்.