நுண்கட்டுப்படுத்தி நிரல் பகிர்வு

நுண்கட்டுப்படுத்தி நிரல் பகிர்வு என்பது, நுண்கட்டுப்படுத்திகளைக் கொண்டு கருவிகள் செய்யும் ஆர்வலர்கள் தாங்கள் எழுதிய நிரல்களைப் பிறர் படிக்கவும், திருத்தவும், பயன்படுத்தவும் திறந்து வைக்கும் வழக்கம். செயலி, நினைவகம், உள்ளீட்டு வெளியீட்டு முனைகள் ஆகியவை ஒரே சில்லில் அமைந்த சிறு கணினியே நுண்கட்டுப்படுத்தி. சலவை இயந்திரம் முதல் தூத்துக்குடி திரேஸ்புரத்து வள்ளங்களில் இருக்கும் ஜிபிஎஸ் கருவி வரை எங்கும் இது உண்டு. 1990களில் சிறு குழுக்களிடையே வளர்ந்த இந்தப் பகிர்வு, 2005இல் அர்டுயினோ தோன்றிய பின் உலகெங்கும் பரவியது. இந்தியாவில் இதற்கு முக்கியமான எடுத்துக்காட்டு மைக்ரோஹோப்.

தொடக்க காலம்

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டிஎம்எஸ்1000 சில்லு 1974இல் விற்பனைக்கு வந்தது. இன்டெல் நிறுவனத்தின் 8051 சில்லு 1980இல் வந்தது. இத்தகைய சில்லுகளில் பலவற்றுக்கு நிரலை ஆலையிலேயே பதித்தனர். பயனரே நிரலைப் பதிக்கக்கூடிய வகைகளில், பழைய நிரலை அழிக்கச் சில்லின் கண்ணாடிச் சாளரத்தில் பல நிமிடங்கள் புற ஊதா ஒளி படவேண்டும். ஒரு சிறு பிழையைத் திருத்தவும் இதையே மீண்டும் செய்யவேண்டியிருந்தது. நிரலைப் பதிக்கும் கருவியின் விலையும் அதிகம். எனவே ஒருவரின் நிரல் மற்றவர் கைக்குக் கிடைத்தாலும் அதைச் சோதித்துப் பார்ப்பது எளிதாக இல்லை.

மைக்ரோசிப் நிறுவனம் 1993இல் வெளியிட்ட பிக்16சி84 சில்லில் மின்சாரத்தாலேயே நிரலை அழித்து எழுத முடிந்தது. கணினியின் அச்சுப்பொறி முனையில் இணைக்கும் எளிய பதிப்புக் கருவிகளை ஆர்வலர்கள் தாங்களே செய்து, அவற்றின் சுற்றுப்படங்களையும் நிரல்களையும் பகிர்ந்துகொண்டனர். அடுத்து, நார்வேயில் உருவான வடிவமைப்பைக் கொண்டு அட்மெல் நிறுவனம் ஏவிஆர் சில்லுகளை வெளியிட்டது.

கட்டற்ற மென்பொருளான ஜிசிசி தொகுப்பி ஏவிஆர் சில்லுகளுக்கும் விரிவாக்கப்பட்டது. அதற்குரிய சி மொழி நிரலகமும் தாராளமான உரிமத்துடன் கிடைத்தது. பகிரப்பட்ட நிரலைப் பெறுபவர், விலை கொடுத்து மென்பொருள் வாங்காமல் தம் கணினியிலேயே அதைத் தொகுக்க இதனால் வழி பிறந்தது.

வயரிங்கும் அர்டுயினோவும்

கொலம்பியாவைச் சேர்ந்த எர்னாண்டோ பர்ரகான் இத்தாலியின் இவ்ரேயா நகரிலிருந்த வடிவமைப்பு நிறுவனத்தில் பயின்றபோது, 2003இல் வயரிங் என்னும் திட்டத்தைத் தம் முதுகலை ஆய்வுக்காகத் தொடங்கினார். மின்னணுவியல் அறியாத கலைஞர்களும் நிரல் எழுதவேண்டும் என்பது அதன் நோக்கம். கேசி ரியாஸ், பென் ஃபிரை ஆகியோர் 2001இல் தொடங்கிய பிராசசிங் மென்பொருளின் தோற்றத்தை அது பின்பற்றியது. சில்லின் பதிவகங்களை நேரடியாகக் கையாளாமல், பின்மோட், டிஜிட்டல்ரைட் போன்ற எளிய கட்டளைகளால் அதன் முனைகளை இயக்க வயரிங் வழிசெய்தது.

பர்ரகானின் ஆய்வு நெறியாளர்களில் ஒருவரான மாசிமோ பான்சியும் வேறு சிலரும் 2005இல் வயரிங் நிரலை எடுத்து, விலை குறைந்த ஏடிமெகா8 சில்லுக்கு ஏற்ப மாற்றினர். அதுவே அர்டுயினோ. வயரிங் திறந்த நிரலாக இருந்ததால் இது சாத்தியமாயிற்று. ஆனால் அர்டுயினோ புகழ்பெற்றபோது அதன் அடித்தளத்தை அமைத்தவரின் பெயர் பலருக்கும் தெரியாமல் போனது. பர்ரகான் 2016இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதி, தம் பங்கைச் சான்றுகளுடன் விளக்கினார். உரிமம் அனுமதித்த செயலிலும், மூல ஆசிரியருக்கு உரிய மதிப்பு கிடைத்ததா என்ற கேள்வி அதன்பின் ஆர்வலர்களிடையே பேசப்பட்டது.

மைக்ரோஹோப்

புதுதில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையம் 2004இல் பீனிக்ஸ் திட்டத்தைத் தொடங்கியது. குறைந்த செலவில் ஆய்வகக் கருவிகளை உருவாக்குவதும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிப்பதும் இதன் பணிகள். இத்திட்டத்திலிருந்து இயற்பியல் சோதனைகளுக்கான எக்ஸ்ப்ஐஸ் கருவியும், மைக்ரோஹோப் என்னும் பயிற்சிப் பலகையும் வந்தன. மைக்ரோஹோப் என்பது 'பொழுதுபோக்குத் திட்டங்களுக்கும் கல்விக்குமான நுண்கட்டுப்படுத்திகள்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம்.

மைக்ரோஹோப்பின் மையம் ஏடிமெகா32 சில்லு. கணினியின் யுஎஸ்பி முனை வழியாகவே அதற்கு நிரலை அனுப்பலாம். எழுத்துத் திரை, மின்னழுத்த அளவீடு, தொடர்வழித் தகவல் பரிமாற்றம், நேரக் கணிப்பு ஆகியவற்றுக்குத் தயார் நிரல்கள் சி மொழியில் தரப்பட்டன. அர்டுயினோ பதிவகங்களை மறைத்து வேலையை எளிதாக்கியது. மைக்ரோஹோப் கையேடு பதிவகங்களை விளக்கிவிட்டே தயார் நிரல்களுக்குச் செல்கிறது. நிரலை நகலெடுக்கும் மாணவர் அது எப்படி இயங்குகிறது என்பதையும் அறிய இது உதவுகிறது. இம்மென்பொருள் டெபியன் லினக்சின் களஞ்சியத்திலும் இடம்பெற்றது.

ஒரு கடலோர எடுத்துக்காட்டு

பகிரப்பட்ட நிரலின் பயனை ஜிபிஎஸ் கருவியைக் கொண்டு விளக்கலாம். ஜிபிஎஸ் ஏற்பிகள் தம் இருப்பிடத்தை என்எம்இஏ 0183 என்னும் வடிவத்தில் அனுப்புகின்றன. இது கப்பல் மின்னணுக் கருவிகளுக்காக வகுக்கப்பட்ட தரம். தூத்துக்குடி ஏறத்தாழ 8 பாகை 48 நிமிட வட அகலாங்கிலும், 78 பாகை 9 நிமிடக் கிழக்கு நெட்டாங்கிலும் உள்ளது. இது அத்தரத்தின்படி 0848.00, 07809.00 என்று வரும். இதில் பாகையும் நிமிடமும் இடைவெளியின்றிச் சேர்ந்துள்ளன.

இதை அறியாமல் 100ஆல் வகுத்தால் 8.48, 78.09 பாகை என்ற தவறான விடை கிடைக்கும். 48 நிமிடத்தை 60ஆல் வகுத்து 8.80 என்றும், 9 நிமிடத்தை அவ்வாறே வகுத்து 78.15 என்றும் கொள்வதே சரி. அகலாங்கில் ஏற்படும் 0.32 பாகை வேறுபாடு தரையில் சுமார் 35 கிலோமீட்டர். திரேஸ்புரம் கரையில் நிற்கும் வள்ளத்தை அந்த நிரல் திருச்செந்தூர் அருகே காட்டும்.

மைக்கல் ஹார்ட் எழுதிய டைனிஜிபிஎஸ் நிரலகம் இந்தக் கணக்கைச் சரியாகச் செய்கிறது. வழியில் சிதைந்த செய்தியைச் சரிபார்ப்பு எண்ணைக் கொண்டு ஒதுக்கவும் செய்கிறது. அர்டுயினோ யூனோ பலகையில் கணினித் தொடர்புக்குரிய ஒரே ஒரு தொடர்வழிதான் உண்டு. ஜிபிஎஸ் ஏற்பிக்கு இரண்டாவது வழி வேண்டும். அதை நிரலாலேயே உருவாக்கும் நியூசாஃப்ட்சீரியல் நிரலகத்தையும் ஹார்ட் எழுதினார். அது 2011இல் வந்த அர்டுயினோ 1.0 பதிப்பில் சாஃப்ட்வேர்சீரியல் என்ற பெயரில் சேர்க்கப்பட்டது. தனி ஆர்வலர் ஒருவரின் நிரல் பொதுக் கருவியின் பகுதியானதற்கு இது சான்று. எனினும் இவ்வாறு செய்யப்படும் கருவி பயிற்சிக்கு உரியது. கடலில் அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புக் கருவிக்கு அது மாற்றாகாது.

உரிமமும் பெயரும்

இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரலும் இலக்கியப் படைப்பு என்ற வரையறைக்குள் வருகிறது. எனவே உரிமம் எதுவும் குறிப்பிடாமல் வெளியிடப்பட்ட நிரலைப் படிக்க முடியும் என்பதாலேயே அதை மாற்றி வெளியிடும் உரிமை பிறருக்கு வந்துவிடாது. ஜிபிஎல் உரிமம், மாற்றிய நிரலை வெளியிடுபவர் அதன் மூலநிரலையும் அதே உரிமத்தில் தரவேண்டும் என்கிறது. பிஎஸ்டி, எம்ஐடி உரிமங்கள் ஆசிரியரின் பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் நீக்காமல் வைத்திருக்கும்படி மட்டுமே கேட்கின்றன.

அர்டுயினோ மென்பொருளில் 2015இல் நிரலக மேலாளர் சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு நிரலகத்துடனும் ஆசிரியர் பெயர், பதிப்பு எண், பராமரிப்பவர் ஆகிய விவரங்களைத் தருவது அதன் மூலம் ஒழுங்காயிற்று. கிடைத்த நிரல் எந்தச் சில்லுக்கு உரியது, யார் எழுதியது, எந்த உரிமத்தில் உள்ளது என்பது தெரியாவிட்டால் அடுத்தவர் அதை நம்பித் தம் கருவியில் சேர்க்க முடியாது. அதில் பிழை கண்டவருக்கும் அதை யாரிடம் சொல்வது என்று தெரியாது. இவ்விவரங்களைக் கொண்ட சிறு குறிப்பை நிரலின் தலைப்பில் எழுதுவதே பகிர்வின் முதல் படியாகக் கருதப்படுகிறது.