வைகை வெள்ளமும் விழியின் அழற்சியும்

யுவியைட்டிஸ் என்பது கண்ணின் நடுப்படலத்தில் தோன்றும் அழற்சி. ஐரிஸ், சிலியரி உறுப்பு, விழித்திரைக்குப் பின்னுள்ள இரத்த நாளப் படலம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே நடுப்படலம். கண் சிவக்கும், வெளிச்சம் கூசும், பார்வை மங்கும். கவனிக்காமல் விட்டால் கண்புரையும் கண் நீர் அழுத்தமும் தொடர்ந்து வந்து பார்வையே போய்விடும். கிருமி தாக்கியும் இது வரலாம். கிருமி எதுவும் இல்லாமல் உடலின் நோயெதிர்ப்பு மண்டலமே தன் கண்ணைத் தாக்கியும் வரலாம். முதலாவதற்குக் கிருமிக்கொல்லி மருந்து வேண்டும், இரண்டாவதற்கு எதிர்ப்பை அடக்கும் மருந்து வேண்டும். மாற்றிக் கொடுத்தால் நோய் முற்றும். இவ்விரண்டையும் பிரித்தறிவதில் மதுரை ஆற்றிய பணி வைகைக் கரையோடும் சுற்றுவட்டார ஊருணிகளோடும் பிணைந்தது.

சிம்மக்கல் பழைய மதுரையின் வடக்கு விளிம்பு. அதையொட்டிய யானைக்கல்லில் ஏறி ஆல்பர்ட் விக்டர் பாலத்தைக் கடந்தால் கோரிப்பாளையம். 1889-இல் திறக்கப்பட்ட இப்பாலத்தின் வழியேதான் நகர மக்கள் தலைமுறை தலைமுறையாகப் ‘பெரியாஸ்பத்திரி’க்குப் போய்வந்தார்கள். அங்கே எர்ஸ்கின் மருத்துவமனை, இன்றைய இராசாசி அரசு மருத்துவமனை, இருக்கிறது. 1954-இல் தொடங்கிய மதுரை மருத்துவக் கல்லூரியும் அக்கரையில்தான். பாலத்துக்கு அடியில் வைகை ஆண்டின் பெரும்பகுதி மணலாகவும் புதராகவும் கிடக்கும். நடுவே கழிவுநீர் ஓடும், மாடுகள் மேயும், தேங்கிய இடங்களில் எருமைகள் படுத்திருக்கும், துணி வெளுப்பதும் அங்கேதான். கரைமேல் இருந்த பழ மண்டிகளின் கழிவால் எலிகளுக்கும் குறைவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆறு பெருகினால் இவை அனைத்தும் ஒரே நீரில் கலந்துவிடும்.

எர்ஸ்கின் மருத்துவமனையில் 1956 முதல் கண் மருத்துவத் துறைக்குத் தலைமை வகித்தவர் கோ. வெங்கடசாமி. எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்தவர். இளவயதிலேயே முடக்குவாதம் அவருடைய விரல்களைக் கோணலாக்கியது. முடக்குவாதமும் நோயெதிர்ப்பு மண்டலம் தன் உடலையே தாக்குவதால் வருவதுதான். அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி ஆயிரக்கணக்கான கண்புரை அறுவைகளைச் செய்தார். 1976-இல் ஓய்வு பெற்றதும் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அண்ணா நகரில் அது வளர்ந்து, நாள்தோறும் கிராமங்களிலிருந்து மக்கள் வந்து குவியும் இடமாயிற்று. அபூர்வ நோய்கள் ஒன்றிரண்டாகச் சிதறாமல் ஒரே கூரையின்கீழ் திரளாக வந்து சேர்ந்ததால்தான் பின்னாளைய கண்டுபிடிப்புகள் சாத்தியமாயின.

இதே காலத்தில் நகருக்கு மேற்கே, நாகமலை அடிவாரத்துப் பல்கலை நகரில், நோயெதிர்ப்பியல் வேறொரு வழியில் வேர் பிடித்தது. 1966-இல் தோன்றிய மதுரைப் பல்கலைக்கழகத்தின் உயிரியல் புலத்தில் வீ. ஆர். முத்துக்கருப்பன் தேர்ந்துகொண்ட ஆய்வு விலங்கு ஓணான். வேலி தோறும் கிடைக்கும் பிராணி என்பது மட்டும் காரணமல்ல. பறவைகளும் பாலூட்டிகளும் ஊர்வன வழி வந்தவை. எதிர்ப்பாற்றல் படிப்படியாக எப்படி உருவானது என்பதை அறிய ஊர்வன தேவை. எதிர்ப்பாற்றல் உருவாகத் தைமஸ் சுரப்பி தேவை என்பதை 1961-இல் ஜாக் மில்லர் சுண்டெலியில் காட்டியிருந்தார். ஓணானிலும் அப்படித்தானா என்பதே மதுரையின் கேள்வி. செம்மறியாட்டின் சிவப்பணுக்களை ஓணானுக்குள் செலுத்தி, அதன் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை அளந்தார்கள். மண்ணீரலில் தைமஸைச் சார்ந்து இயங்கும் பகுதிகளை முத்துக்கருப்பனும் அவரிடம் பயின்ற இரா. பிச்சப்பனும் 1977-இல் அடையாளம் காட்டினர். பிச்சப்பன் பின்னர் மனிதர் பக்கம் திரும்பி, மதுரை வட்டாரத்து மக்களின் எதிர்ப்பாற்றலோடு தொடர்புடைய எச்.எல்.ஏ. மரபணு வகைகளை ஆராய்ந்தார், எச்.எல்.ஏ.-டி.ஆர்.2 வகைக்கும் நுரையீரல் காசநோய்க்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டினார். முத்துக்கருப்பனோ அமெரிக்காவில் ராபர்ட் ஆர்பாக்குடன் சேர்ந்து சுண்டெலியின் கார்னியாவில் புது இரத்த நாளங்கள் முளைப்பதைக் காணும் முறையை வகுத்தார். 1979-இல் ‘சயின்ஸ்’ இதழ் அதை வெளியிட்டது. அவர் பிற்பாடு அரவிந்த் ஆய்வு நிறுவனத்துக்கு வந்தபோது கண் அவருக்குப் புதிய உறுப்பாக இருக்கவில்லை.

1993-இன் இறுதியில் மதுரை வட்டாரத்தில் பெருமழை, வெள்ளம். நீர் வடிந்த சில மாதங்களில், 1994-இல், அரவிந்தின் யுவியா (நடுப்படல) பிரிவில் ஒரே மாதிரியான நோயாளிகள் தொடர்ந்து வந்தனர். பெரும்பாலோர் ஆண்கள். கண்ணின் எல்லா அடுக்குகளிலும் அழற்சி, விழித்திரை நாளங்களில் வீக்கம். சிலருக்கு ஐரிஸின் முன்னால் வெள்ளையணுக்கள் படிந்து அடியில் வெண்கோடாக நின்றன. யுவியைட்டிஸ் கொள்ளைநோய் போல வருவதில்லை என்பதே பாடநூல் வழக்கு. மருத்துவர் எஸ். ஆர். இரத்தினமும் குழுவினரும் வெள்ளத்தோடு இதைப் பொருத்திப் பார்த்து, இரத்தத்தில் லெப்டோஸ்பைரா கிருமிக்கான எதிர்ப்பொருளைத் தேடினர். உயிருள்ள கிருமியோடு நோயாளியின் சீரத்தைக் கலந்தால், எதிர்ப்பொருள் இருக்கும் பட்சத்தில் கிருமிகள் ஒட்டித் திரளும். அதை நுண்ணோக்கியில் காணலாம். 73 பேரின் விவரங்கள் 1997-இல் வெளியாயின. அடுத்த ஆண்டு சான்பிரான்சிஸ்கோ ஆய்வாளர்களுடன் சேர்ந்து, கண்ணின் முன்னறை நீரிலேயே அக்கிருமியின் டி.என்.ஏ. இருப்பதைப் பி.சி.ஆர். முறையில் காட்டினர்.

லெப்டோஸ்பைரா உண்டாக்குவது எலிக்காய்ச்சல். எலி, மாடு, நாய் ஆகியவற்றின் சிறுநீரில் வெளிப்பட்டு, ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் உயிரோடிருந்து, காலில் உள்ள சிறு கீறல் வழியாகவோ கண், வாய்ச் சவ்வு வழியாகவோ உடலுக்குள் புகும். 1886-இல் ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் வைல் காய்ச்சலை விவரித்தார்; 1915-இல் ஜப்பானில் இனாடாவும் ஈடோவும் கிருமியைக் கண்டனர். குதிரைகளுக்குத் திரும்பத் திரும்ப வரும் கண் அழற்சிக்கும் இக்கிருமிக்கும் தொடர்பு உண்டு என்பது கால்நடை மருத்துவருக்கு முன்பே தெரியும். மனிதரிடம் இந்த உறவு கவனிக்கப்படாமல் போனதற்குக் காரணம் கால இடைவெளிதான். சேற்றில் நடந்து, காய்ச்சல் வந்து, தானாகவே ஆறிப் பல மாதம் கழித்துக் கண் சிவக்கும்போது, பழைய காய்ச்சலை யார் நினைத்துச் சொல்வார்கள்? காய்ச்சல் வந்ததா, வயலிலோ வெள்ளத்திலோ இறங்கினீர்களா என்று மருத்துவர்தான் கேட்டு வாங்க வேண்டும்.

கிருமி ஒழிந்த பின்னும் கண் ஏன் எரிகிறது? உடலின் மற்ற இடங்களைவிடக் கண்ணின் முன்னறை எதிர்ப்பில் அடங்கிய இடம். அங்கே வைத்த அயல் திசு நெடுநாள் பிழைப்பதை 1873-இலேயே வான் டோர்மால் கண்டார். 1948-இல் பீட்டர் மெடவார் அதற்கு விளக்கம் தேடினார். அழற்சி வந்தால் மென்மையான திசு பாழாகும் என்பதால் இயற்கை அங்கே எதிர்ப்பை மட்டுப்படுத்தியிருக்கிறது. அந்தக் காவல் உடைவது எப்படி என்ற கேள்விக்கு 2008-இல் ஆய்வாளர் பிரியா, இரத்தினம், முத்துக்கருப்பன் மூவரும் ஒரு விடை தந்தனர்: லெப்டோஸ்பைரா யுவியைட்டிஸ் நோயாளிகளின் முன்னறை நீரில் எண்டோடாக்சின் இருந்தது. கிருமியின் மேலுறையிலுள்ள இந்தக் கொழுப்புச் சர்க்கரைப் பொருள்தான் வெள்ளையணுக்களைக் கிளர்த்துகிறது. லெப்டோஸ்பைராவின் எண்டோடாக்சினை மனித உயிரணு உணர்வது மற்றப் பல கிருமிகளில் போல டி.எல்.ஆர்.4 என்னும் உணர்வேற்பி வழியாக அல்ல, டி.எல்.ஆர்.2 என்னும் உணர்வேற்பி வழியாக என்பது 2001-இலேயே தெரிந்திருந்தது. ஓணானின் மண்ணீரலில் தொடங்கியவரின் ஆய்வு மனிதக் கண்ணின் சில துளி நீரில் வந்து நின்றது.

அடுத்த புதிர் ஊருணிகளிலிருந்து வந்தது. கிராமத்துச் சிறுவர்கள் சிலருக்குக் கண்ணின் வெண்படலத்திலும் முன்னறையிலும் சிறு கட்டிகள் தோன்றின. காசநோயோ என்று ஐயுற்றால் அதற்கான சான்று இல்லை. அகற்றிய திசுவில் இயோசினோஃபில் அணுக்கள் மொய்த்திருந்தன. இவை புழுக்களை எதிர்க்க உடல் அனுப்பும் படை. குளத்திலோ ஆற்றிலோ குளிப்பதுதான் அச்சிறுவர்களிடம் பொதுவாக இருந்தது. தட்டைப்புழு வகையைச் சேர்ந்த ஒட்டுண்ணி எனக் கருதி இரத்தினமும் குழுவினரும் 2001-இல் எழுதினர். 2016-இல் மரபணு ஆய்வு அதன் பெயரையும் சொல்லியது: புரோசரோவம் வேரியம். குளத்து நத்தையில் வளர்ந்து நீரில் இறங்கி, மீனுக்குள் புகுந்து, மீனைத் தின்னும் பறவையில் முதிர்வது அதன் வழக்கம். குளிக்கும் குழந்தையின் கண் அதற்கு வழிதவறிப் போன இடம். அங்கே அது வளராது. ஆனால் உடலின் எதிர்ப்பு அதைச் சுற்றிக் கட்டியை எழுப்புகிறது.

இவை காரணம் தெரிந்தவை. காரணம் தெரியாமல், தன்னெதிர்ப்பாலேயே வரும் யுவியைட்டிஸ்தான் சிகிச்சைக்குக் கடினம். ஸ்டீராய்டை ஆண்டுக்கணக்கில் கொடுத்தால் கண்புரையும் சர்க்கரையும் எலும்புத் தேய்வும் வரும். அதற்கு மாற்றாக மெத்தோட்ரெக்சேட், மைக்கோஃபினோலேட் என்னும் இரண்டும் வழக்கில் இருந்தன. எது மேல் என்பதற்குச் சான்று இல்லை. புதிய மருந்தான மைக்கோஃபினோலேட்டே சிறந்தது எனப் பல மருத்துவர் நம்பினர். 5 நாடுகளில் 9 கண் மையங்களில் 216 நோயாளிகளிடம் இவ்விரண்டையும் ஒப்பிட்ட ஆய்வின் முடிவு 2019 செப்டம்பரில் ‘ஜாமா’ இதழில் வந்தது. முதல் ஆசிரியர் மதுரையின் இரத்தினம். 6 மாத முடிவில் மெத்தோட்ரெக்சேட் பெற்றவர்களில் 66.7 விழுக்காட்டினருக்கும், மைக்கோஃபினோலேட் பெற்றவர்களில் 57.1 விழுக்காட்டினருக்கும் அழற்சி அடங்கியது. விழியின் பின்பகுதியையோ எல்லா அடுக்குகளையோ தாக்கும் வகையில் இது முறையே 74.4-உம் 55.3-உம் ஆயிற்று. மைக்கோஃபினோலேட் மேலானது என்ற நம்பிக்கைக்கு இதில் ஆதாரம் கிடைக்கவில்லை.

மெத்தோட்ரெக்சேட் பழைய மருந்து. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு லெடர்லி ஆய்வகத்தில் 1940-களில் இரத்தப் புற்றுநோய்க்கென உருவாக்கியது. வாரம் ஒருமுறை போதும், விலையும் குறைவு. ஈரலையும் இரத்த அணுக்களையும் அவ்வப்போது சோதித்துப் பார்க்க வேண்டும். விலையுயர்ந்த மாத்திரையை நாளுக்கு இருவேளை வாங்கித் தின்ன வழியில்லாத விவசாயக் கூலிக்கு, அந்த மலிவான மருந்தையே மனக்குறையில்லாமல் எழுதிக் கொடுக்க மருத்துவருக்கு இப்போது ஆதாரம் இருக்கிறது.