குழித்தறியும் புழுங்கல் அரிசியும்: சந்தவாசல் வட்டாரத்தின் உணவு வரலாறு

திருவண்ணாமலை மாவட்டம் போளூர் வட்டத்தில், சவ்வாது மலையின் அடிவாரத்தை ஒட்டி அமைந்துள்ள சந்தவாசல், ஆரணியை மையமாகக் கொண்ட பட்டு நெசவு வட்டாரத்தைச் சேர்ந்த ஊராகும். 1989இல் மாவட்டம் பிரிக்கப்படும் வரை இப்பகுதி முழுவதும் வட ஆர்க்காட்டில் அடங்கியிருந்தது. பட்டுக்கும் அரிசிக்கும் ஒருசேரப் பெயர் பெற்ற ஆரணி வட்டாரத்தின் உணவு வரலாற்றை எழுத முற்படும் எவரும் முதலில் கவனிக்க வேண்டிய செய்தி, நெசவாளர் குடும்பம் பெரும்பாலும் தானியத்தை விளைவிக்கும் குடும்பமன்று, அதை விலைக்கு வாங்கும் குடும்பம் என்பதே. மழை பொய்த்தாலும், பட்டு நூல் விலை ஏறினாலும், சேலை விற்காமல் தேங்கினாலும், அதன் விளைவு சில வாரங்களுக்குள் அடுப்படியை எட்டிவிடும். அடுப்படியில் ஏற்படும் குறை கருவுற்ற பெண்ணின் உடலில்தான் முதலில் தெரியவரும்.

இவ்வட்டாரத்தின் உணவு மூன்று நிலங்களிலிருந்து வந்தது. மலையிலிருந்து சாமையும் தேனும், அடிவாரத்து மானாவாரிக் காடுகளிலிருந்து கேழ்வரகும் கம்பும் வேர்க்கடலையும், ஏரிப் பாசனத்திலிருந்து நெல்லும் கிடைத்தன. அரிசிச் சோறு பண்டிகைக்கும் விருந்துக்கும் உரியதாகவே பல வீடுகளில் இருந்த காலத்தில், உழைப்பவரின் அன்றாட உணவு கூழாக இருந்தது. கேழ்வரகு மாவை முந்தின நாள் மாலையே கரைத்துப் புளிக்க வைத்து, மறுநாள் நொய்யரிசியை வேகவிட்டு, அதில் புளித்த மாவை ஊற்றிக் கட்டிதட்டாமல் கிளறி இறக்கி, ஆறியபின் மோரோ நீரோ விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடிப்பது வழக்கம். ஆடி மாதத்தில் படவேடு ரேணுகாம்பாள் கோயிலிலும் சுற்றுவட்டாரத்து அம்மன் கோயில்களிலும் ஊற்றப்படுவதும் இதே கூழ்தான். நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கும் மேலான சுண்ணாம்புச் சத்து உண்டு. அதே அளவு அரிசியில் இருப்பது ஏறக்குறைய பத்து மில்லிகிராம் மட்டுமே. தானியத்தில் உள்ள இரும்பையும் சுண்ணாம்பையும் குடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும் ஃபைட்டிக் அமிலம் புளிக்கவைப்பதால் குறைகிறது என்பது பிற்கால ஆய்வுகள் காட்டிய உண்மை. ஆகவே ஏழைகளின் உணவு என்று இகழப்பட்ட கூழ், பிள்ளைத்தாய்ச்சிக்கும் பாலூட்டும் தாய்க்கும் தேவையான சத்துகளை மலிவாகத் தந்த உணவாக இருந்தது.

மலிவான இந்த ஏற்பாடும் முற்றாகக் குலைந்த காலம் 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம். ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன அப்பஞ்சத்தில், சோற்றுக்கே வழியில்லாத மக்கள் துணி வாங்குவதை நிறுத்திவிட்டதால், வயலில் பயிர் காய்ந்த கையோடு நெசவாளரின் தறியும் நின்றுபோனது. அரசப் பிரதிநிதியின் தூதராக 1877 தொடக்கத்தில் வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் சேரும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிதளவு காசும் போதும் என்று அளவைக் குறைத்தபோது, சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் அதனை வெளிப்படையாக எதிர்த்தார். உடலுழைப்பு செய்யும் மனிதனுக்கு இந்த அளவு உயிர் தாங்கப் போதாது என்றும், தானியத்தோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்றும் அவர் வாதிட்டார். சில மாதங்களில் கூலி உயர்த்தப்பட்டது. ஒரு மனிதன் உடல் கெடாமல் வாழக் குறைந்தது எவ்வளவு உண்ண வேண்டும் என்ற கேள்வி இம்மாகாணத்தில் அரசின் கணக்கேட்டில் இடம்பெற்ற முக்கியமான தருணங்களுள் இது ஒன்று. பஞ்சத்தின் மற்றொரு தடயம் பிறப்புப் பதிவேடுகளில் உள்ளது. 1878இல் பதிவான பிறப்புகள் கடுமையாகச் சரிந்தன. பட்டினியில் கருத்தரிப்பே அரிதாகிப்போனதை அந்த எண்கள் காட்டுகின்றன.

சத்துணவு ஆய்வு ஒரு தனித் துறையாகத் தமிழகத்தில் வேரூன்றியது நீலகிரி மாவட்டத்தின் குன்னூரில். அங்கே 1918இல் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய பெரிபெரி ஆய்வே பின்னர் உணவூட்ட ஆய்வுக்கூடமாக வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. பெரிபெரி என்பது தயமின் எனப்படும் பி1 வைட்டமின் குறைவால் கால்கள் மரத்து, உடல் வீங்கி, இதயம் செயலிழக்கும் நோய். மாகாணத்தின் வடக்கே தெலுங்குக் கடற்கரை மாவட்டங்களில் அது பரவலாக இருந்தும், அதே அளவு அரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அரிதாக இருந்ததற்குக் காரணம், வடக்கே தீட்டிய பச்சரிசியும் இங்கே புழுங்கல் அரிசியும் உண்ணப்பட்டதே. தயமினை 1936இல் செயற்கையாக உருவாக்கிக் காட்டிய ராபர்ட் வில்லியம்ஸ், அதே சென்னை மாகாணத்தின் நெல்லூரில் பிறந்தவர் என்பது இங்கே நினைவுகூரத்தக்கது.

புழுங்கல் அரிசியின் காப்பு எங்கே உள்ளது என்பதை ஆரணியின் நெல் அரவைத் தொழிலைப் பார்த்தாலே விளங்கிக்கொள்ளலாம். நெல்லைத் தொட்டியில் ஊறவைக்கும்போது உமிக்கு உள்ளே உள்ள தவிட்டுப் படலத்தில் இருக்கும் தயமின் நீரில் கரைகிறது. பின்னர் ஆவியில் அவிக்கும்போது அந்த நீர் அரிசிமணியின் உள்ளே ஊடுருவ, மாவுப் பகுதி இறுகி, கரைந்த சத்தைத் தன்னுள் பிடித்துவைத்துக்கொள்கிறது. களத்தில் பரப்பி, பெண்கள் காலால் துழாவித் துழாவிக் காயவைத்த நெல்லை அதற்குப் பிறகு எந்திரத்தில் எவ்வளவு தீட்டினாலும், சத்தின் ஒரு பகுதி அரிசியிலேயே தங்கிவிடும். நெல் எளிதாக உமி நீங்கவும், அரிசி உடையாமல் இருக்கவும், புழு பூச்சி அண்டாமல் நீண்ட நாள் கெடாதிருக்கவும் முன்னோர் கைக்கொண்ட இம்முறை, பெயரே தெரியாத ஒரு நோயிலிருந்து அவர்களின் சந்ததியைக் காத்தது. ஆனால் சோற்றுக் கஞ்சியை வடித்துக் கொட்டும் வீட்டில் இந்தச் சத்தின் கணிசமான பகுதி வடிநீரோடு போய்விடும் என்பதால், வடிகஞ்சியை உப்பிட்டுக் குடித்த ஏழை வீடு இதில் வசதியுள்ள வீட்டைவிட நல்ல நிலையில் இருந்தது.

மெக்காரிசன் இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து வளர்த்து ஒப்பிட்டபோது, கோதுமையும் பாலும் நெய்யும் மிகுந்த சீக்கியர் உணவில் வளர்ந்தவை திடமாகவும், சென்னை மாகாணத்து அரிசி உணவில் வளர்ந்தவை மிகவும் மெலிந்தும் இருந்தன. பாலும் கீரையும் குறைந்த தட்டு உடலை வளர்க்காது என்ற அளவில் அந்த ஆய்வு இன்றும் செல்லும். ஆனால் அம்முடிவுகள் தென்னாட்டவரின் உடல்வலிமையைப் பற்றிய தீர்ப்பாகவே பரவியதும், பால் வாங்கும் கூலி யாருக்குக் கிடைத்தது என்ற கேள்வி பின்தள்ளப்பட்டதும் அக்கால ஆட்சியின் பார்வைக் குறைபாடுகளாகும்.

கூலி, உழைப்பு, கருப்பம் ஆகிய மூன்றும் ஒரே ஆய்வில் சந்தித்தது லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவரின் பணியில். 1928இல் இந்தியா வந்த அவர், பம்பாயின் துணி ஆலைகளில் உழைத்த கருவுற்ற பெண்களிடம் காணப்பட்ட கடும் இரத்தசோகையை ஆராய்ந்து, குன்னூரில் சோதனைகளைத் தொடர்ந்து, சென்னை திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என வழங்கும் அன்றைய கோஷா மருத்துவமனையிலும் பணியாற்றினார். இந்தச் சோகையில் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைவதோடு, அளவில் பெருத்தும் காணப்படும். இரும்புச் சத்து மட்டும் கொடுத்தால் தீராது. ஈஸ்டிலிருந்து எடுக்கப்படும் மார்மைட் என்ற மலிவான சாற்றைக் கொடுத்தபோது நோயாளிகள் வியக்கத்தக்க வேகத்தில் தேறினர் என்று 1931இல் அவர் வெளியிட்ட முடிவு, ஈஸ்டில் இனம் தெரியாத ஒரு சத்து இருப்பதை உணர்த்தியது. பத்தாண்டுகள் கழித்து, 1941இல், பசலைக் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஃபோலிக் அமிலமே அச்சத்து. கருவின் முதுகுத்தண்டுவடம் உருவாகும் முதல் வாரங்களில் இது இல்லாவிடில் பிறவிக் குறைபாடு நேரக்கூடும் என்பதும், கருத்தரிக்கும் முன்பிருந்தே மாத்திரையாகக் கொடுத்தால் அக்குறைபாடு மீண்டும் நேரும் வாய்ப்பு நான்கில் மூன்று பங்கு அளவுக்குக் குறையும் என்பதும் 1991இல் பிரிட்டிஷ் ஆய்வொன்றால் உறுதியாயின. இன்று ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரும்புச் சத்தோடு சேர்த்து வழங்கப்படும் அந்த மாத்திரையின் வரலாறு, நெசவுத் தொழிலில் உழைத்த இந்தியப் பெண்களின் இரத்தத்திலிருந்துதான் தொடங்குகிறது.

பட்டு நெசவில் பெண்ணின் உழைப்பு கணக்கில் வருவதே இல்லை. தார் சுற்றுதல், நூலைப் பிரித்துப் பாவுக்கு ஆயத்தம் செய்தல், குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு மிதியை மாற்றி மாற்றி மிதித்து நெய்தல் ஆகிய வேலைகள் பல வீடுகளில் கருப்ப காலத்திலும் தொடர்ந்தன. முன்பணம் கொடுத்த மாஸ்டர் வீவருக்குச் சேலை குறித்த நாளில் போய்ச் சேர வேண்டியிருந்தது. அதே வீட்டில் உணவு வழக்கங்களும் இரு திசைகளில் இயங்கின. வளைகாப்பில் புளிசாதம், எலுமிச்சை, தயிர் எனக் கலந்த சாதங்களைச் சமைத்து ஊட்டும் வழக்கமும், முருங்கைக் கீரையும் பூண்டுக் குழம்பும் பால் சுரக்கச் சுறாப்புட்டும் கொடுக்கும் வழக்கமும் தாயைப் பேணின. மாறாக, குழந்தை பெருத்தால் பிரசவம் கடினமாகும் என்று கடைசி மாதங்களில் உணவைக் குறைத்ததும், பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்ற பெயரில் தண்ணீரையும் காய்களையும் மறுத்ததும், மிச்சம் மீதியை எல்லோருக்கும் பின் உண்ணவைத்ததும் அவளை நலிவித்தன. முதல் அச்சத்தைப் பேதமை என்று தள்ளிவிடுவது நியாயமாகாது; அறுவை மருத்துவம் எட்டாத ஊரில், குறுகிய இடுப்பெலும்புடைய தாய்க்குக் குழந்தை குறுக்கே சிக்கினால் இருவரும் சாகும் காலத்தில் அந்த அச்சம் பிறந்தது.

1960களின் பிற்பகுதியில் வந்த ஐ.ஆர்.8 போன்ற குட்டை நெல் ரகங்களும் கிணற்று மின்மோட்டார்களும் வட ஆர்க்காட்டின் தட்டை மாற்றின. இம்மாவட்டத்தை 1973-74லும் பத்தாண்டுகள் கழித்தும் ஆராய்ந்தவர்கள், சிறு விவசாயிகள், கூலித் தொழிலாளர் ஆகியோரின் உணவு நுகர்வும் உயர்ந்ததைக் கண்டனர். ஆரணி நகரைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்த பார்பரா ஹாரிஸ்-வைட் இவ்வட்டாரத்தின் நெல் வணிகத்தையும் பட்டுத் தொழிலையும் விரிவாகப் பதிவு செய்தவர். பசி குறைந்தது பெரும் பேறு. ஆயினும் கேழ்வரகும் சாமையும் தட்டிலிருந்து விலகி, நியாயவிலைக் கடை அரிசி மூன்று வேளையும் இடம்பிடித்தபோது, வயிறு நிறைந்தும் இரத்தம் ஊறாத நிலை தொடர்ந்தது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் கருவுற்ற பெண்களில் 48.3 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது.

இந்நிலையை எதிர்த்து அரசு எடுத்த முயற்சிகளில், 1956இல் காமராசரும் 1982இல் எம்.ஜி.ஆரும் விரிவாக்கிய பள்ளி உணவுத் திட்டங்களைத் தமிழர் அனைவரும் அறிவர். அவ்வளவாகப் பேசப்படாத முயற்சி, உலக வங்கி உதவியுடன் 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த சத்துணவுத் திட்டம். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் குறிப்பிட்ட காலத்துக்குக் கூடுதல் உணவு கொடுத்து, தாய்க்குக் காரணத்தை விளக்கியதே அதன் முறை. 1987இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம், கருவுற்ற பெண் இழக்கும் கூலியை ஈடுசெய்வதே சத்துணவுக்கு வழி என்பதை ஏற்றுக்கொண்டது. 2018 முதல் அது ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து ரூ.18,000 மதிப்புடையதாக உயர்ந்தது. தறியில் உட்கார்ந்தால்தான் வருமானம் என்றிருக்கும் வீட்டுக்கு இந்த அணுகுமுறையே பொருத்தமானது.

அண்மைக் காலத்தில் நோயின் முகம் மாறியிருக்கிறது. 1969 முதல் 1973 வரை வேலூர் நகரிலும் அதன் சுற்றுப்புறக் கிராமங்களிலும் பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி ஆய்வு, சிறுவயதில் மெலிந்திருந்து பின்னர் வேகமாக எடை கூடியவர்களுக்கு இளம் வயதிலேயே சர்க்கரைக் கோளாறு மிகுந்து வருவதைக் காட்டியது. சிறுவயதில் பட்ட பசி, வளர்ந்தபின் நீரிழிவாக வெளிப்படக்கூடும். நாள் முழுதும் உட்கார்ந்த உழைப்பும் தீட்டிய அரிசிச் சோறும் சேர்ந்த நெசவு ஊர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும் எச்சரிக்கை. சென்னையின் நீரிழிவு மருத்துவர் வி. சேஷையாவும் அவருடைய குழுவினரும் தமிழகத்தில் நடத்திய கணக்கெடுப்பில், கருப்ப கால நீரிழிவு நகரத்தில் 17.8 விழுக்காடாகவும், சிறுநகரங்களில் 13.8 விழுக்காடாகவும், கிராமங்களில் 9.9 விழுக்காடாகவும் இருந்தது. அவர்கள் பரிந்துரைத்த சோதனை, கருவுற்ற பெண் வெறும் வயிற்றோடு வரவேண்டிய தேவையின்றி, எந்த வேளையிலும் 75 கிராம் குளுக்கோஸ் நீரைக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒருமுறை இரத்தம் கொடுப்பதாக அமைந்தது. ஒருநாள் வேலையை விட்டு மீண்டும் பேருந்தேறி வர முடியாத பெண்களை மனத்தில் வைத்தே அம்முறை வகுக்கப்பட்டது.